காற்புள்ளி

டிராம்சோவில் இரவுப் பணி எனக்கு.
நவம்பர் முடிகிறது; சூரியன் இனி
ஜனவரியில்தான் எட்டிப் பார்க்கும்.
என் முன்னால் ஒரு வரைபடம்:
இன்னும் வடக்கே, ஹாமர்ஃபெஸ்ட்டில், கடலோரம்
ஒரு மருத்துவமனை,
நான்கு மாடி, நூற்றிருபது திரை,
எரிந்தால் பச்சை, அணைந்தால் சாம்பல்.

0417 ஒரு செவிலி. முகம் பார்த்ததில்லை.
நடை தெரியும்.
மூன்றாம் மாடியில் அட்டையை உருவுவாள், இருளும்.
பன்னிரண்டு நொடியில்
பிரசவ வார்டின் மூலையில் ஒரு பச்சை,
அதே சாளரங்கள், அதே பெரிய எழுத்து,
பாதியில் விட்ட சொல்லின் நுனியில்
அதே துடிப்பு.

கூடு விட்டுக் கூடு பாய்தல்
இங்கே மாதச் சம்பளத்துக்கு நடக்கிறது.
ஒரு கூட்டில் காபிக் கறை,
இன்னொன்றில் இடைவெளி விசை அழுந்தாது,
அவசரப் பிரிவில் இருப்பதன் மேல்
யாரோ ஒட்டிய கலைமான் பொம்மை.
உயிர் மட்டும் என் காலடியில்,
நிலவறையில், குளிர்ப்பெட்டிக்குள்
இரைந்துகொண்டிருக்கிறது.

திங்களன்று உத்தரவு வந்தது:
தொண்ணூறு நாளுக்கு மேல் திறந்தவை எல்லாம்
வியாழன் நள்ளிரவில் மூடப்படும்.
தேடினேன். ஒன்றே ஒன்று.
நூற்று நாற்பத்து மூன்று நாள்.
அவள் அதைத் திறந்தபோது
நடுநிசியிலும் வெயில் அடித்திருக்கும்.

சேமிக்காத ஒரு கோப்பு. பெயர் இல்லை.
உள்ளே என்னவென்று பார்க்க எனக்கு உரிமையில்லை,
அளவு தெரியும்: அறுபத்தொரு எழுத்து.
ஜூலையில் அறுபத்தொன்று.
நேற்றும் அறுபத்தொன்று.

தொலைபேசியில் கூப்பிட்டேன்.
"தூர்டிஸ்தானே? உங்களிடம் ஏதோ
திறந்து கிடக்கிறது."
தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டு நின்றது.
"தெரியும். எந்த மாடிக்குப் போனாலும்
எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.
ரத்த அறிக்கையைத் திறந்தால்
அதன் பின்னால் ஓரம் தெரியும்."
"ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்களேன்."
"பெயர் இருக்கிறது. யோஸ்டெய்ன். என் தம்பி."
மூச்சு விட்டாளா, சிரித்தாளா,
கம்பி வழியே பிரித்தறிய முடியவில்லை.
"அன்புள்ள என்று ஆரம்பித்தேன், ஒரு வரி வந்தது,
பிறகு 'ஆனால்' போட்டு, காற்புள்ளி வைத்தேன்.
அதோடு சரி."

விட்ட இடத்தில் தொடரலாம்:
இதுதான் நாங்கள் விற்கும் வாக்கியம்,
சிற்றேட்டில் நீல எழுத்தில் இருக்கிறது.
தொடரவே முடியாதது
ஒவ்வொரு திரையிலும் ஏறி வந்தால் என்ன செய்வது என்று
ஒருவரும் கேட்டதில்லை.
விட்ட குறையும் தொட்ட குறையும்
ஒரே அட்டையில்.

வியாழன். பதினொன்றே கால்.
எக்ஸ்ரே அறை, பச்சை. மருந்துக் கிடங்கு, பச்சை.
பிறகு கீழே, சலவைத் துணி வைக்கும் இடத்தில்
அவள் ஒருநாளும் போகாத திரை எரிந்தது.
எரிந்தபடியே இருந்தது.
நான் வாங்கிவந்த சூப் ஆறியது.
மூடும் கட்டளையைத் தட்டி வைத்து
விரலை எடுத்துக்கொண்டேன்.

பதினொன்று ஐம்பதுக்கு எண் அசைந்தது.
அறுபது.
வெகுநேரம் அறுபது.
அப்புறம் ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு,
நின்றது.
'ஆனால்' மூன்றெழுத்து என்று
என் விரல்களே எண்ணிவிட்டன.
பிறகு ஒன்று கூடியது.
முற்றுப்புள்ளியாக இருக்கலாம்.
கேள்விக்குறியாகவும் இருக்கலாம்.
எனக்கு எண்ணிக்கை மட்டும்தான்.

கடிதம் ஒன்று வெளியே போனதாக
ஒரு வரி பதிவாயிற்று.
நான் மூடவில்லை; அவளே மூடினாள்,
நள்ளிரவுக்கு நான்கு நிமிடம் இருக்க.

அடுத்த பச்சை வரப்
பன்னிரண்டு நொடி போதவில்லை.
இரண்டாம் மாடி. புதுத் திரை. ஒரு சாளரமும் இல்லை.
மாடிப்படியில் எங்கோ
நின்றிருக்க வேண்டும்.