குழிக்கு ஏற்ற பம்பு

லாபிஸுக்கு வெளியே, செம்பனை லாரிகள் திரும்பும் முனையில்
எங்கள் கொட்டையெண்ணெய் ஆலை.
மேசையில் மூன்று விலைத்தாள்கள்,
பறக்காமலிருக்க மேலே ஆறிப்போன தே ஓ.
வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றில் கையெழுத்து வேண்டும்.
கீழே அச்சாகியிருக்கிறது என் பெயர்:
லோ. யமுனேஸ்வரி, பராமரிப்பு.

ஹெக்ஸேனுக்குப் பெட்ரோல் வாசம்.
பத்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும்.
காற்றைவிட மூன்று மடங்கு கனம்,
மேலே போகத் தெரியாத ஆவி.
தரையோடு தவழ்ந்து, படி தாண்டி,
பம்புக் குழியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
நூறு பங்கு காற்றில் ஒரு பங்கு, சற்று மேலே, போதும்.
மிச்சத்தை ஒரு பொறி பார்த்துக்கொள்ளும்.

முதல் தாள் மலிவு.
சாதாரண மோட்டார், சாதாரண சீல்.
"அதே குதிரைத்திறன்தானே மேடம்" என்கிறார் தியோ.
தண்ணீர் இறைக்க என்றால் சரி, தியோ.
சீல் அழுவதை நான் பார்த்திருக்கிறேன்:
முதலில் ஒரு துளி, பிறகு துளிக்கு ஒரு துணி,
பிறகு அந்தத் துணியை யாரும் பார்ப்பதில்லை.

இரண்டாவது, காந்தத்தால் சுழல்வது.
தண்டு வெளியே வராது. சீல் இல்லை, கசிய வழியில்லை.
படத்தை விரலால் தடவிக்கூடப் பார்த்தேன்.
பேனாவைத் திறந்தவளை நிறுத்தியது இரவு ஷிப்டு பதிவேடு,
ஷஹாபுதீனின் சாய்ந்த எழுத்து:
2.40 தொட்டி காலி. பம்பு ஓடுது.
3.15 பம்பு ஓடுது.
வெறும் வயிற்றில் ஓடினால்
அந்த அழகு உள்ளுக்குள் காய்ந்து கொதிக்கும்.
அவனைத் திட்ட முடியாது,
நான்கு தொட்டிக்கு ஒரே ஆள்.

மூன்றாவது, காற்றில் ஓடும் டயாஃப்ரம்.
மின்சாரம் குழிக்குள் இறங்கவே வேண்டாம்;
கம்ப்ரசர் சுவருக்கு அந்தப்பக்கம் கத்திக்கொள்ளட்டும்.
தொட்டி காலியானாலும் தக், தக்கென்று
வெறும் வாயை மென்றுகொண்டிருக்கும்.
மெதுவானது. மின்கட்டணம் ஏறும்.
முதலாளி கேட்பார்.
கேட்கட்டும்.

பிளாஸ்டிக் உடல் வேண்டாம் என்று அடிக்கோடிட்டேன்.
ஓடுகிற திரவம் தன் பொறியைத் தானே சுமந்து வரும்;
அதை மண்ணிடம் ஒப்படைக்க ஒரு பச்சைக் கம்பி.

பச்சைக் கம்பி.

எழுந்துபோய்க் குழியை எட்டிப் பார்த்தேன்.
பழைய பம்பின் காலில் கிளிப் மட்டும்.
எத்தனை மாதமாகவோ.
ஓட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தேடினேன்.
கொட்டகையில், ரோஸ்லானின் மோட்டார்சைக்கிளில்
சாப்பாட்டுத் தூக்கை இறுக்கிக் கட்டியிருந்தது
பச்சையும் மஞ்சளுமாய்.

திரும்பி வந்து பம்புக்குக் கீழே
இன்னொரு வரி சேர்த்தேன்:
ரப்பர் கயிறு, கொக்கியுடன். ஆறு.
ஒன்று இரண்டு வெள்ளி.