பயனிலை

மைக் செட் என்னுடையது.
மேடைக்கு வருகிறவர்களைக் கைகளால்தான் எனக்குத் தெரியும்.
இளநீர் பார்ப்பதுபோல் மூன்று தட்டுத் தட்டுவார் அதிபர்.
சுடுதேத்தண்ணி என்று நினைத்து ஊதுவார் இன்னொருவர்.
"நேரமின்மை காரணமாக" என்று தொடங்கினவர்
முப்பத்தெட்டு நிமிசம் கதைத்தார்;
ஆம்பிளிஃபயரின் சிவப்பு விளக்கையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரைதீவில், தவிசாளருக்குப் பாராட்டு விழா.
மீன் விற்பவர்கள் சார்பில் யோகமலர்,
பட்டியலில் கடைசிப் பெயர்.
இரண்டு நிமிசம் என்று துண்டு நீட்டினார்கள்.
மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.
மைக்கைத் தொடவில்லை. தன் உயரத்துக்கு
நான் இறக்கும்வரை நின்றாள்.

"மீன் வெட்டும் கட்டையில் கைவைத்து
தவிசாளர் போன வருசம் எங்களுக்குத் தந்த வாக்கை,"

மாளிகைக்காட்டுப் பள்ளியில் பாங்கு.

வாயை மூடினாள். அவ்வளவுதான்.
தண்ணீர் கேட்கவில்லை, தாளைப் புரட்டவில்லை,
கூட்டத்தைப் பார்த்துச் சும்மா சிரிக்கவில்லை.
முன்வரிசைப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டார்கள்.
வசனம் ஓர் 'ஐ' உருபில் தொங்கிக்கொண்டிருந்தது.
'காப்பாற்றினார்' என்று
மனதுக்குள் முடித்துக்கொண்டார் போல, தவிசாளர்;
பொன்னாடையை நீவிவிட்டு
படம் எடுப்பவனுக்கு முகம் கொடுத்தார்.

பாங்கு முடிந்தது.
அதன் கடைசி இழுவை ஆற்றுப்பக்கம் போய்ச் சேரும்வரை விட்டாள்.
மறுகா, அதே குரலில்,
மூச்சுக்கூட மாறாமல்:

"நாங்கள் மறக்கவில்லை."

வணக்கம் வைத்து இறங்கினாள்.
என் கணக்கில் இன்னும் ஒரு நிமிசம் மிச்சம்.
நன்றியுரைக்கு வந்தவர் மைக்கைத் தட்டினார்.
தட்டிக்கொண்டே நின்றார்.