நாலாம் ஷெட்

எழுபத்திரண்டாம் வாரம்
ஓடு மெலிந்து முட்டைகள் தட்டிலேயே உடைய ஆரம்பித்ததும்
நாலாம் ஷெட்டுக்குத் தீவனத்தை நிறுத்தச் சொன்னார்
சூப்பர்வைசர் பொன்னுரங்கம்.
விளக்கையும்.
பத்து நாள். தண்ணீர் மட்டும்.

புதுச்சத்திரம் பக்கம் இதற்குப் பெயர் மோல்டிங்.
கணக்கு நோட்டில் நான் எழுத வேண்டியது
தீவனம் சைபர், முட்டை சைபர்,
செத்தது எத்தனை.

அப்போது நானும் ஏழு மாதமாய்
அப்படியொரு நோட்டுக்குள் இருந்தேன்.
ராசிபுரத்திலிருந்து ஒற்றை சூட்கேசோடு திரும்பியவள்.
ஒரம்பரை வந்தால் உள்ளறைக்குப் போகிறவள்.
மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொண்டேன்,
சோறு வைத்தால் தின்றேன்,
வேலைக்குப் போ என்றார்கள், வந்தேன்.

ஆறாம் நாள் இறகு கொட்டத் தொடங்கியது.
காற்றடித்தால் ஷெட் முழுக்க எழும்பி
முந்தானையில், நோட்டில்,
மூக்குத்தியில்கூட ஒட்டியது.
கழுத்து வெறுமையான கோழிகள்
சத்தமே போடவில்லை.
ஆயிரக்கணக்கில் உயிர் இருந்தும் சத்தமில்லாத இடத்தில்
நின்றதுண்டா நீங்கள்?
எனக்குப் பழகிய இடம் அது.

ஒன்று சொல்லிவிடுகிறேன்.
கோழியைப் போல நானும் என்று
எழுதிவிட்டுப் போவது எளிது. எழுதமாட்டேன்.
அவற்றின் பசியை
யாரோ லாப நட்டம் பார்த்து முடிவு செய்தார்கள்.
புதிதாய் முளைத்தால் அதுவும் முட்டைக்குத்தான்,
கோழிக்கென்று ஒன்றுமில்லை.
முப்பத்தெட்டு செத்தது. நான்தான் எழுதினேன்.

ஆனாலும்
இருபதாம் நாளோ என்னவோ
ஒன்றை எடைபோடத் தூக்கியபோது
விரலில் குத்தியது:
தோலுக்குள்ளிருந்து ஊசி ஊசியாய்,
இன்னும் விரியாத,
உள்ளே ரத்தம் ஓடும் இறகுக் குருத்து.
தொட்டது பொறுக்காமல் திரும்பிக் கொத்தியது.
"வலிக்குதா?" என்றேன்,
வாய்விட்டு.
ரொம்ப நாள் கழித்து ஒரம்பரை வந்ததுபோல்
வாசலில் தயங்கி நின்றது
என் குரல்.

அன்று பொழுதோட
பஸ் ஸ்டாப் பேக்கரியில்,
ஏழு மாதமாய்க் கொடுத்ததைக் குடித்த வாய்
"சக்கரை கம்மியாப் போடுங்ணா" என்றது.
டீ மாஸ்டர் சும்மா தலையாட்டினார்.
அவருக்கென்ன தெரியும்.
சூடு ஆறும்வரை கிளாஸைப் பிடித்தபடி நின்றேன்.
கொல்லிமலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது,
மழை வரலாம், வராமலும் போகலாம்.

மினி பஸ்ஸில் ஜன்னலோரம்
ஒரு பையன் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான்.
"கொஞ்சம் தள்ளி உக்காரு கண்ணு" என்றேன்.
எனக்கு அந்த இடம்
வேண்டியிருந்தது.