காரணம்: மற்றவை

புதுக் கம்பெனி பொறுப்பேற்ற வாரம்
பெட்டிகளுக்கு நீலம் அடித்தார்கள்.
மண்டபம் யார்டில் எட்டுப் பெட்டி,
அதில் மூன்று என்னைவிட மூத்தவை.
நீலத்துக்குக் கீழே பழைய பச்சை,
பச்சைக்குக் கீழே செங்கல் நிறம்,
அதற்கும் கீழே
சுத்தியல் நுனி பட்டதும்
அப்பளமாய் நொறுங்கும் இரும்பு.

தட்டிக் காட்டினேன்.
கம்பெனி ஆள் பிரணேஷ், ஈரோட்டுப் பையன்,
பொறுமைசாலி, குறை சொல்லக் கூடாது.
குனிந்து பார்த்தான், படம் எடுத்தான்,
"இது ரெண்டாம் கட்டத்துல வருதுக்கா" என்றான்.

முதல் கட்டத்தில் வந்தவை:
இருக்கைக்கு நுரைமெத்தை,
போன் சார்ஜ் போடத் துளை,
தானே மூடிக்கொள்ளும் கதவு,
அடுத்த நிலையம் உச்சிப்புளி என்று
மூக்கடைத்தாற்போல் சொல்லும் ஒரு பெண்குரல்,
கக்கூசில் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் ஒன்றுக்காகவே
கம்பெனியை நான் ஏச மாட்டேன்.
நண்டுச் சதை பிரிக்கும் பெண்கள்
இரவு ஷிப்ட் முடித்து ஏறி
பரமக்குடி வரைக்கும் அடக்கிக்கொண்டு போனதை
பத்தொன்பது வருஷம் பார்த்தவள்.

பழுதுப் புத்தகம் போய் டேப்லெட் வந்தது.
புத்தகத்தில் இபுறாம்சா எழுதுவார்:
"கச்சான். கதவுக் கீல் பிடிப்பு. எண்ணெய் விட்டது."
"சோழகம், மூணு நாளாக. கூரை ஆணி நாலைக் காணோம்."
காற்றின் பேர் போடாமல்
அவர் ஒரு பழுதும் எழுதியதில்லை.
டேப்லெட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
தொட்டால் நான்கு விழும்:
தேய்மானம்
பயணியால் சேதம்
தயாரிப்புக் குறை
மற்றவை

ரெண்டு பக்கமும் கடல்,
நடுவில் நின்றுகொண்டு தேடுகிறேன்,
உப்பு இல்லை.

மற்றவை என்று தொட்டேன்.
பிரேக் குழாய், மற்றவை.
விளக்குக் கூடு, மற்றவை.
கம்பெனி முத்திரை பொறித்த புத்தம்புது கைப்பிடி
நாற்பது நாளில் புள்ளி விழுந்து,
மற்றவை.

ஐப்பசியில் ஒரு காலை
பாம்பனில் ஐந்தாம் பெட்டிக் கதவு
ரெண்டு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது.
எல்லாக் கதவும் மூடினால்தான் வண்டி நகரும்;
அது புது ஏற்பாடு, நல்ல ஏற்பாடு.
ஐம்பது நிமிஷம் நின்றது.
ராமநாதபுரம் கோர்ட்டில் வாய்தா இருந்த ஒருவர்
செருப்பைக் கழற்றி மோட்டாரை அடித்தார்.
செலஸ்டின் தன் கணவாய்ப் பெட்டியிலிருந்து
ஒழுகும் ஐஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
அடுத்த நிலையம் மண்டபம், என்றது பெண்குரல்.
அடுத்த நிலையம் மண்டபம்.
அடுத்த நிலையம்.

மறுநாள் தலைமை அலுவலகம் கூப்பிட்டது.
"உங்க டிப்போவுல மட்டும்
எழுபத்தொரு சதவீதம் மற்றவை.
அது என்ன மேடம்?"
"உப்பு சார்."
கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம்.
"யார் கொட்டினது?"

இபுறாம்சா எழுந்து வெளியே போய்
தண்டவாளத்தைப் பார்த்து நின்று சிரித்தார்.
தோள் மட்டும் குலுங்கியது.
நான் சிரிக்கவில்லை. கேட்டவரும்
வேலையைத்தான் செய்கிறார்;
அவர் ஜன்னலுக்கு வெளியே
வேறு ஏதாவது காற்று இருக்கும்.
"ரொம்ப நாளா கொட்டுது சார்" என்றேன்.
"அப்ப பயணியால் சேதத்துல போட்டுருங்க."

போடவில்லை.

கார்த்திகை கடைசியில் பிரணேஷ் வந்தான்,
கையில் டேப்லெட் இல்லாமல்.
ஊரிலிருந்து கொண்டுவந்த பைக்
ஸ்டேஷன் வாசலில் மூன்று மாதம் நின்றிருக்கிறது.
செயின் இறுகி ஒரே கட்டியாய்,
விரலால் தொட்டால் செம்பொடி.
அந்தப் பொடியைக் கட்டைவிரலில் தேய்த்தபடி
என் நீலப் பெட்டிகளைப் பார்த்தான்.
மூன்றாவதின் விளிம்பில் ஓர் இடம்
ரூபாய்க் காசு அளவுக்கு ஊதியிருந்தது.

"ரெண்டாம் கட்டம் எப்பக்கா வரும்?" என்றான்,
நான்தான் கம்பெனி மாதிரி.

வேஸ்ட் துணியும் ஒரு கை கிரீஸும் கொடுத்தேன்.
ஆறு பத்து வண்டிக்கு
இன்னும் ரெண்டு கதவு பார்க்க வேண்டியிருந்தது.