எர்த் வயர்

சிம்மக்கல் லேபுக்கே கொண்டுவந்து வைத்தார் கூரியர்காரர்.
"என்னக்கா, கிரிக்கெட் பேட்டா?"
கழுத்து தனி, உடம்பு தனி,
கம்பிகள் சுருண்டு ஒரு கவரில்.
திருகாணி பதினெட்டு என்றது தாள்.
எண்ணினேன். பதினேழு.

தலை இன்னும் தலையாகவில்லை.
துடுப்பு மாதிரி ஒரு பலகை,
வேண்டிய வடிவில் வெட்டிக்கொள் என்று விட்டிருந்தார்கள்.
மூன்று நாள் வரைந்து வரைந்து கிழித்தேன்.
கடைசியில் வந்தது ஒரு கடைவாய்ப் பல்லின் ஓரம்.
பத்தொன்பது வருஷமாகப் பல்செட் செய்கிற கை
வேறு எதை வரையும்.

கழுத்து உடம்பில் இறங்க மறுத்தது.
கால் மில்லி.
இந்தக் கால் மில்லியோடுதான் எனக்கு தினமும் வழக்கு.
டாக்டரிடமிருந்து சீட்டு வரும்:
'இடது கீழ் குத்துகிறதாம்.'
யாருக்கு என்று தெரியாது.
நான் செய்த பல் எதுவும் சிரித்து நான் பார்த்ததில்லை.

நீலக் கார்பன் தாளை நடுவில் வைத்து
கடிக்கச் சொல்வதுபோல் அழுத்தினேன்.
நீலம் பட்ட இடத்தை மட்டும் மைக்ரோமோட்டாரில் சுரண்டி
மறுபடி ஒரு கடி.
நாலாவது கடியில் உட்கார்ந்தது.
எனக்கே கேட்டது அந்த 'டக்'.

கம்பிகள் ஏறிப் போகும் சின்ன மேடை
கிட்டில் வெறும் பிளாஸ்டிக்.
அதை எறிந்துவிட்டு அக்ரிலிக் குழைத்து வார்த்தேன்.
கழுத்தில் இருந்த புள்ளிகளைப் பெயர்த்து
பல் பதித்தேன்.
நிறம் ஏ-த்ரீ:
டீயும் வெற்றிலையும் லேசாகப் படிந்த,
இந்த ஊரில் அதிகம் போகிற நிறம்.
பன்னிரண்டாம் கட்டில் மட்டும் இரண்டு முன்பற்கள்.

வர்ணத்துக்குப் பழங்காநத்தம்.
ஒரு மினிபஸ்ஸுக்குக் கலக்கியதில் மீந்த அரை டப்பா
சிக்கந்தர் பட்டறையில் கிடந்தது.
பச்சையா நீலமா, அவருக்கே சந்தேகம்.
"வாசிப்பீங்களாக்கா?"
"இல்ல."
"பெறகு?"
தூசி கிளம்பாமல் இருக்க
தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன், தெளித்த இடத்திலேயே.

இரண்டாம் பூச்சில் ஓர் எறும்பு ஒட்டிக்கொண்டது.
தேய்த்து எடுத்திருக்கலாம்.
வால்யூம் குமிழுக்குக் கீழே
இப்போதும் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

டவுன்ஹால் ரோட்டில் ஈயம் வாங்கி
வில்லாபுரம் வீட்டில், ராத்திரி பத்தரைக்கு மேல்,
வயர் வயராகப் பற்றவைத்து
பிளக்கைச் சொருகினால்
ஒரே முனகல்.
தெருமுனை டிரான்ஸ்பார்மர் முனகுகிற அதே சுருதி.
பன்னிரண்டு வருஷம் அதன் பக்கத்தில் தூங்கியிருக்கிறேன்,
அது ஒரு சுருதி என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கழற்றிப் பார்த்தேன்.
பிரிட்ஜுக்கு அடியில் போகவேண்டிய கறுப்பு வயர்
மரத்துக்குள் சும்மா படுத்துக் கிடந்தது.
எர்த்.
இழுத்து அமுக்கித் திருகி, மறுபடி சொருகினேன்.
முனகல் இருந்தது. கம்பியில் கை வைத்தேன்,
நின்றது.
எடுத்தேன், வந்தது.
வைத்தேன்.
உடம்பு பிடித்து வைத்திருக்கிற இரைச்சல்
கம்பி வழியாக எர்த்துக்கு இறங்கிவிடுமாம்.
என் உடம்பில் அவ்வளவு இருந்திருக்கிறது.
வெகுநேரம் வாசிக்கவே இல்லை,
கையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு ஒரே ஒரு தட்டு. ஆறு கம்பியும்.
மாடியிலிருந்து தவமணியக்கா:
"ரெஜினா, மிக்ஸி எதுவும் மாட்டிக்கிச்சா?"
"ஆமாக்கா, இந்தா ஆச்சு."
இன்னொரு தட்டு.

பதினெட்டாவது திருகாணி கிடைக்கவே இல்லை.
அந்த ஓட்டையில்
லேபிலிருந்து எடுத்துவந்த ரோஸ் மெழுகை வைத்து அடைத்திருக்கிறேன்.
ஈறு நிறம், பார்க்க ஒன்றும் மோசமில்லை.
வெயில் ஏறினால் இளகும்.
சித்திரை வரைக்கும் பார்க்கலாம்.