இரட்டைக் கோடு

புலப்படத்தில் ஓடை
இரட்டைக் கோடாக வரும்.
கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே பதினெட்டு மீட்டர்
என்றது பழைய கையெழுத்து.
நான் வரைந்தபோது ஆறு.

நகராட்சியில் அப்போது நான் படவரைவாளன்.
திருப்பாதிரிப்புலியூருக்கு மேற்கே
சூளை அணைந்துபோன களத்தில்
அறுபத்து மூன்று மனைகள்.
பொதுவுக்குப் பத்தில் ஒன்று விட வேண்டும்,
விட்டார்கள்,
எது விலை போகாதோ அதை:
கெண்டை ஓடை முழங்கை மடக்குகிற மூலை,
செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம்.
பச்சைப் பென்சிலால் தேய்த்து நிரப்பி
‘பூங்கா’ என்று எழுதினேன்.
பென்சிலிலிருந்து தரைக்கு இறங்க
அதற்குப் பதினாறு வருஷம் ஆயிற்று.

அதுவரை கோழிக்கடை இறகு,
கருவேலம்,
ஒரு தை மாதம் சர்க்கஸ்காரன் கட்டிய ஒட்டகம்.
தானே புயல் சாய்த்த முந்திரியும் பலாவும்
வெட்டித் துண்டாகி இங்கேதான் குவிந்தன.
எடுத்துப்போனவர்கள் போக
மிச்சம் மக்கியது.
அதில்தான் இந்தப் பூவரசு
இத்தனை கொழுப்பாக நிற்கிறது.

பிறகு கல்வெட்டு.
ஏழு பெயர்கள்.
தேர்தல் வந்தால் காகிதம் ஒட்டி மறைப்பார்கள்,
போன முறை ஒட்டியதில் பாதி
இன்னும் உரியவில்லை.
ஐந்தரைப் பெயர்தான் இப்போது படிக்கக் கிடைக்கும்.

எட்டு வடிவ நடைபாதை,
கூழாங்கல் லாரியில் வந்தது,
ஓடைக்கு அதில் பங்கில்லை.
சறுக்குமரத்தை நாலு மணி வரை தொட முடியாது.
நின்றபடி மிதிக்கும் இரும்புச் சைக்கிளில்
ஒரு மிதிகட்டை இல்லை,
அஞ்சலாட்சி ஒற்றைக் காலால் மிதிக்கிறாள்.
இந்த மாசம் வலது,
அடுத்த மாசம் இடது, என்ன இப்போ?
சிமென்ட் மான் இரண்டு. ஒன்றுக்குக் கொம்பு
கம்பியளவில் நின்றுவிட்டது.
காலை ஐந்து முதல் ஒன்பது,
மாலை நான்கு முதல் எட்டு,
ஊதலோடு கலியவரதன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓடை
சோப்பு நுரையைச் சுமந்துகொண்டு
கெடிலத்துக்குப் போகும்.
நாங்கள் நாற்றத்தைப் பற்றிப் பேசுவோம்,
மடையான் ஒன்று மட்டும்
தினமும் வந்து அதை உற்றுப் பார்க்கும்.

போன கார்த்திகை.
கலியவரதன் நெல்லிக்குப்பத்தில்
மச்சினன் வீட்டுக் காரியத்தில்,
சாவி அவர் இடுப்பில்.
விடிகாலை மூன்றுக்கு
பூட்டு பூட்டியபடியே இருக்க
கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே
ஓடை உள்ளே வந்தது.
எட்டு வடிவமெல்லாம் சுற்றவில்லை,
நேராக நடந்தது.
மான்களில் ஒன்றைத் தெரு நோக்கித் திருப்பிவிட்டு
ஒன்றை ரயில்வே பாலம் வரை அழைத்துப்போனது.

நாலாம் நாள் வடிந்தது.
வண்டல் ஒரு கோடு விட்டிருந்தது,
பூவரசு தாண்டி, கல்வெட்டுக்கு முன்னால்,
கை நடுங்காத ஒருவன் இழுத்த மாதிரி.
பழக்க தோஷம்,
வீட்டிலிருந்து டேப் எடுத்து வந்தேன்.
ஒரு முனையை அஞ்சலாட்சி பிடித்தாள்.
எதிர்க்கரைச் சுவரின் அடியிலிருந்து
இந்தக் கோடு வரை
பதினெட்டு மீட்டர்,
கூட நாலு விரல்.

எதிர்க்கரைச் சுவர் என்னுடையது.
மனை எண் நாற்பத்தொன்று.
கோட்டை நெருக்கினால்தான்
அது சதுரமாக வந்தது.
மேலதிகாரி சொன்னார் என்று
ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.
சொன்னார்தான்.
மனையைத் தேர்ந்தெடுத்தது அவரில்லை.

இப்போது மனு ஒன்று சுற்றுகிறது.
பூங்காச் சுவரை மூன்றடி உயர்த்தக் கோரி
நாற்பத்தாறு கையெழுத்து ஆகிவிட்டது.
சாயங்காலம் அஞ்சலாட்சி கொண்டுவந்து நீட்டினாள்.
கண்ணாடி எடுத்து வரவில்லை, நாளைக்கு, என்றேன்.

சட்டைப் பையில இருக்கே சார், என்றாள்.