மதாம் வெலாயுதோமின் புகார்

சேன்-லூயி நகராட்சி, மூன்றாவது சன்னல்.
மின்விசிறி தன் பக்கம் திரும்பும்போது மட்டும்
மதாம் வெலாயுதோம் கண்ணை மூடிக்கொள்கிறாள்.
வேலாயுதம் என்று இருந்த பெயர் அது.
கப்பல் வந்து நின்ற நாளில் ஓர் எழுத்தர்
தன் காதுக்கு எட்டியதை எழுதிக்கொண்டார்.
நானும் எழுத்தர்தான். காரைக்காலில் பிறந்தவன்.
என் காதையும் ரொம்ப நம்பவேண்டாம்.

"என் மகன் லூதோவிக்கை ஒரு செக்த் பிடித்துக்கொண்டது,"
காய்ச்சல் பிடித்துக்கொண்டது என்பதைப் போலச் சொல்கிறாள்.
டயர் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை,
ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஓர் ஒலிபெருக்கி.
அங்கேயும் யேசுதானே, என்றேன்.
"அது வேறு யேசு, மிசியே."

இவள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள்.
வருடம் பிறந்ததும் மஞ்சள் உடுத்தித் தீ மிதிப்பவள்.
அவசரம் என்றால் சாலையோரச் சிவப்புக் கூண்டில் நிற்கும்
ரோமானியச் சிப்பாய்ப் புனிதருக்கு மெழுகுவர்த்தி.
மூன்றுக்கும் ஒரே கைப்பை.

எல்லாம் பிசாசு என்று லூதோவிக்
பாண்டியாளே அம்மன் படத்தைக்
கோழிக்கூண்டின்மேல் கவிழ்த்துவிட்டானாம்.
அந்தச் சொல் அவளுக்குப் புதிதல்ல.
முதல் நன்மை வகுப்பில் தாடிவைத்த பாதிரியார்
அவள் அப்பாவின் உடுக்கையைப் பற்றி அதையே சொன்னார்.
"அவர் படித்தவர்," என்கிறாள்.

படிவத்தில் ஒன்பது கேள்வி.
வருமானத்தில் பங்கு கேட்கிறார்களா?
பத்தில் ஒன்று. ஆம்.
புதுப் பெயர் வைத்தார்களா?
எலியேசர். ஆம்.
உலகம் முடியப்போகிறது என்கிறார்களா?
ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறார்களாம். ஆம்.
தொடங்கிய ஆண்டு?
டயர் கடை வந்த அதே ஆண்டு.

பெற்றோரை விட்டுப் பிரிக்கிறார்களா?
அங்கே என் பேனா நின்றது.

வலை தைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இருவரையும்
கரையில் நடந்துபோன ஒருவர் கூப்பிட,
கூலியாட்களோடு படகில் விடப்பட்டாரே ஒரு தகப்பன்,
அன்று சாயங்காலம் அவர் எந்தச் சன்னலுக்குப் போனார்?
பாதி தைத்த வலையை யார் முடித்தார்கள்?
அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு,
"கூப்பிட்டவருக்கு வயது என்ன? முகவரி உண்டா?"
என்று கேட்டிருப்பேன்.
தலை சாய்க்க இடமில்லாதவர்.
கட்டத்தில் அதை எப்படி எழுதுவது?

என் அக்கா செலஸ்தீன் பத்தொன்பது வயதில்
கம்பி போட்ட மடத்துக்குள் போனாள்.
முடியை வெட்டினார்கள். பெயரை மாற்றினார்கள்.
நகை மடத்துக்கு. கடிதங்கள்
பிரித்துப் படித்து ஒட்டப்பட்டு வந்தன.
அப்பா செத்ததற்கு அவள் வரவில்லை, வர விடவில்லை.
நாங்கள் யாரிடமும் புகார் கொடுக்கவில்லை.
பிரியாணி போட்டோம்.
ஆயரோடு நின்று படம் எடுத்துக்கொண்டோம்.
அந்தப் படம் இன்றும் என் அலமாரியில், கண்ணாடியோடு.

"குடியை விட்டுவிட்டான்," என்றாள் மதாம் வெலாயுதோம்,
யாரோ கேட்டதைப் போல.
"ரம் வாசனையே இல்லை. பெண்டாட்டியை அடிப்பதும் இல்லை.
அதை எந்தக் கேள்வியில் போடுவீர்கள்?"

ஒன்பதிலும் இடமில்லை.
ஓரத்தில் சின்னதாய் எழுதினேன். பிறகு அடித்தேன்.
பிறகு அடித்ததன் மேல் மறுபடி எழுதினேன்.

"அவன் என்ன சொல்கிறான்?"
"சந்தோஷமாக இருக்கிறேன், மம்மா. அவ்வளவுதான்.
நான் என்ன கேட்டாலும் அதுதான்."

அக்காவின் கடிதங்கள் இருபத்திரண்டு.
ஒவ்வொன்றும் அந்த வரியில்தான் முடியும்.
முதல் கடிதத்தில் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும்,
பிறகு நேராகிவிட்டது.

மதாம் வெலாயுதோம் கையெழுத்துப் போட்டாள்.
"சீக்கிரம் பாருங்கள், மிசியே,
அவன் இளைத்துப் போயிருக்கிறான்."
கைப்பையை மூடும்போது உள்ளே
ஜெபமாலையும் விபூதிப் பொட்டலமும்
ஒன்றோடொன்று சிக்கி,
இழுத்தும் வரவில்லை.
அப்படியே மூடினாள்.